உள்ளேயே இரு என்று கத்தினேன்

அபாயச் சங்கு ஊதுகிறது. ஓடுகிறேன். 1941 டிசம்பர் 23. ரங்கூன். காலை பத்து மணி. தெருவில் வெட்டிய பதுங்குகுழியில் குதிக்கிறேன். உள்ளே பத்துப் பதினைந்து ஆண்கள். எல்லாரும் அந்நியர்கள். எதிரே என் குடைக்கடை. மேலே வீடு. மாடிப்படி வாசலில் முக்காட்டைப் பிடித்தபடி என் மனைவி கதீஜா. அவள் இடுப்பில் எங்கள் மகள் நூர்.

"என்னங்க, நாங்களும் வரோம்!"

ஊரில் எங்கள் பாலக்கரை வீட்டுப் பெண்கள் அந்நிய ஆண்கள் முன்னால் வருவதில்லை. குழியிலோ தோளோடு தோள் இடிக்கிறது. விமானம் தலைக்கு மேலே வந்துவிட்டது. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று நினைத்தது என் பாழும் புத்தி.

"வராதே! உள்ளேயே இரு!"

என் பேச்சைத் தட்டாதவள். கதவைச் சாத்தினாள். முதலில் விசில் சத்தம். அப்புறம் ஒரே இடி. அப்புறம் காது அடைத்துவிட்டது. எழுந்து பார்க்கிறேன். வீடு இல்லை. தெருவெல்லாம் எரிந்த குடைக்கம்பிகள். குழியில் இருந்த எங்களில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

நடந்தே ஊர் வந்து சேர்ந்தேன். வருஷக்கணக்காக ஜப்பானைச் சபித்தேன். 1953இல் டீக்கடையில் ஒரு பேச்சு. உலகக் கோர்ட் குண்டுவெடிப்புக்கு நஷ்டஈடு வாங்கித் தருகிறதாம். விடுவேனா? மனு எழுதிக்கொண்டு ஸ்ரீரங்கத்து வக்கீலிடம் போனேன். பணத்துக்காக இல்லை. அவர்களைக் கொன்றது யார் என்று ஒரு நீதிபதி சொல்ல வேண்டும். அது போதும் எனக்கு.

"பாய், அந்தக் கோர்ட்டுல ராஜ்யங்கள்தான் வழக்குப் போடலாம். நீங்களும் நானும் படியேற முடியாது. நம்ம சர்க்காரோ நஷ்டஈடே வேண்டாம்னு ஜப்பானுக்குப் போன வருஷமே எழுதிக் கொடுத்தாச்சு."

"அப்போ டீக்கடையில சொன்ன அந்தத் தீர்ப்புங்க?"

"அது கப்பல் கேஸ். கடல்ல கண்ணிவெடி. வெச்சது யாருன்னு கோர்ட்டால சொல்ல முடியலை. ஆனா அந்தக் கரைக்குச் சொந்தமான நாட்டுக்கு ஆபத்து தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் எச்சரிக்கலை. அதனால பொறுப்பு அவாளோடதுன்னு தீர்ப்பு."

மனுவை மடித்துக்கொண்டு எழுந்தேன். அன்றைக்கு ஆபத்து எனக்கும் தெரியும். நானும் கத்தினேன். வா என்று கத்தவில்லை.

காவிரிப் பாலத்தில் நின்று மனுவைப் பிரித்தேன். எதிரி என்ற இடத்தில் ஜப்பான் என்று இருந்தது. குண்டு போட்டவன் அவன்தான். அந்தப் பெயரை அடிக்கவில்லை. அதன் கீழே என் பெயரையும் எழுதினேன்.

இழந்தவை: வீடு ஒன்று. குடைக்கடை ஒன்று. நூர், வயது மூன்று. கதீஜா, வயது இருபத்திரண்டு.

வாசலுக்கும் குழிக்கும் பன்னிரண்டு காலடி.