பின்னால் நின்றவள்

ஆம்பூரில் ரயில் கிளம்பியதும், என் எதிர்ப் பலகையில் இருந்த தோல் மண்டி மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை வெளியே எடுத்தார். பக்கத்தில் கேமராப் பெட்டியை மடியில் அணைத்து உட்கார்ந்திருந்த படக்காரரிடம் நீட்டினார்.

“அந்த லென்ஸ மறுபடியும் திருகி, எம் பொண்டாட்டி மொகத்தத் தெளிவாக்கிக் குடுங்க.”

“நான் எடுத்து முடிச்ச படத்துல இன்னாத்த திருகறது மேஸ்திரி? திருகறதெல்லாம் எடுக்கறதுக்கு முன்னாடிதான்.”

“எம் மீச மயிரு ஒண்ணொண்ணாத் தெரியுது. இவ மொகம் மட்டும் பொகையாட்டம் கீதே.”

“நாற்காலில நீங்க உக்காந்தீங்க. அவங்க பின்னால நின்னாங்க. வூட்டுக்குள்ள வெளிச்சம் வேற கம்மி. அந்த மாதிரி எடத்துல லென்ஸு ஒருத்தர் மொகத்ததான் சுத்தமாப் புடிக்கும். ஆம்பள மொகத்துக்கு வெக்கறதுதானே வழக்கம்?”

“வேற படம் இல்லீங்க. போன மாசம் காய்ச்சல்ல போய்ட்டா. பதினஞ்சி வருசக் குடித்தனம்.”

படக்காரர் போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“செரி, பென்சிலால தொட்டு வரஞ்சி தர்றேன். நீங்க அடையாளம் சொல்லுங்க. புருவம் ரெண்டும் சேந்து இருக்குமா? மச்சம் எதுனா உண்டா? மூக்குத்தி எந்தப் பக்கம்?”

மேஸ்திரி போட்டோவைத் திரும்ப வாங்கினார். கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். வாணியம்பாடி வரும்வரை பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

வண்டி நின்றதும் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டார்.

“அவ தங்கச்சியக் கேட்டுச் சொல்றேன்.”