படுத்திருந்த நாற்பது பேர்

"படுத்திருந்த நாப்பது பேரையும் நேத்து நிக்க வெச்சேன்டி. எண்ணிப் பாத்தா நூத்தி அறுபது பேர்!"

கரோல் பாக்கில் மெட்ரோ ஏறிய இரண்டு பெண்களில், மடியில் லேப்டாப் வைத்திருந்தவள் சொன்னாள். தில்லியில் தமிழ் கேட்டால் என் காது தானாக நீளும். இதற்கு இரண்டு மடங்கு நீண்டது.

"மருந்து குடுக்கறதுக்கு முன்னாடியும் பின்னாடியுமா ஒவ்வொரு பேஷண்டுக்கும் நாலு தடவை பிபி எடுத்தோம்ல? நாலு நம்பரும் ஒரே வரில படுத்திருந்தது. சாஃப்ட்வேர் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா கேட்டுது, மாத்தினேன். இப்ப மருந்தே வேலை செய்யலைங்குது. பதினோரு மணிக்கு தீசிஸ் கைடுகிட்ட என்னத்தைக் காட்டுவேன்?"

தோழி திரையை எட்டிப் பார்த்தாள்.

"அச்சா, பேஷண்ட் நம்பர் எங்கடி?"

"இடத்தை அடைக்குதுன்னு அழிச்சுட்டேன்."

"அடிப்பாவி! அப்ப ஒரே ஆளை நாலு ஆளுன்னுதானே அது நெனைக்கும்? இவரோட பிபியை யாரோடவோ ஒப்பிட்டுட்டு இருக்கு. நம்பரைத் திரும்பப் போட்டு, அவரை அவரோடவே ஒப்பிடச் சொல்லு. ஜல்தி!"

விரல்கள் பறந்தன. ராஜீவ் சௌக் வருவதற்குள் ஒரு கூவல்: "நாப்பதே பேர்தான்! பிபி எறங்கியிருக்குடி!"

"கைடு வாயைத் தொறக்கட்டும், பாத்துக்கலாம். அங்கிள், ஜரா சைட்!"

அங்கிள் நான்தான். அவர்கள் இறங்கும் வழியை அடைத்தது என் தொந்தி. பக்கத்து ஆளின் தொந்தியோடு ஒப்பிட்டே இத்தனை வருஷமும் நிம்மதியாக இருந்தவன், முதல் தடவையாகக் குனிந்து என் பெல்ட்டைப் பார்த்தேன். தொந்தி வளர வளர, ஒன்றன் பின் ஒன்றாக நான் விட்டுவந்த நான்கு ஓட்டைகள். ஆள் ஒருவன்தான்.