நாலாவது பட்டன்

அண்ணி: ...அதை மட்டும் தொடாதடி விசில்!

விசில்: எதை?

அண்ணி: இந்தப் பெட்டியில நாலாவது பட்டனை. முதல் மூணையும் என்ன வேணாலும் பண்ணிக்கோ. நாலாவது... அது சரியா வேலை செய்யல.

விசில்: வாங்கின புதுசுலயே பழுதா?

அண்ணி: பழுதுன்னு யாருடி சொன்னா? கொஞ்சம் மக்கர் பண்ணுது. விடேன்.

விசில்: சரி, தொடல. உங்களுக்கு ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது?

அண்ணி: மேடைக்குப் பின்னாடி ஒரு ஃபேன் கூட இல்ல. வேர்க்காம என்ன பண்ணும்? திரையை விலக்கிப் பார்த்தியா? கூட்டம் எப்படி?

விசில்: டிரைவர், கண்டக்டர், மெக்கானிக்குங்க... எல்லாரும் குடும்பத்தோட வந்திருக்காங்க. முன்வரிசையில டிப்போ மேனேஜர். கையைக் கட்டிட்டு, முகத்தை இறுக்கமா வெச்சுக்கிட்டு...

அண்ணி: அவர் எதையுமே அப்படித்தான் பார்ப்பார். போன வாரம் பேத்தி பிறந்தநாளுக்கு எங்க பேக்கரியில கேக் வாங்க வந்தார். நான் பூ வெச்சு முடிச்சு நீட்டறேன், அந்தக் கேக்கையே கை கட்டிட்டுதான் பார்த்தார்.

விசில்: பிடிச்சுதாமா?

அண்ணி: யாருக்குத் தெரியும்? வாங்கிட்டுப் போனார்.

அண்ணன்: நகருங்க, நகருங்க... ஸ்பீக்கர் வருது... அம்மாடி! கடையில ஃப்ரிட்ஜ் தூக்கியே பழகின முதுகு, அதுவே பிடிச்சுக்கிச்சு. இத்தனூண்டு பெட்டிக்கு இவ்ளோ பெரிய ஸ்பீக்கரா?

அண்ணி: பெட்டியைப் பார்த்து எடை போடாதீங்க.

அண்ணன்: நான் போடுவேனா? அன்னைக்கு அந்தக் கறுப்புத் தகட்டு மேல தெரியாம விரல் வெச்சேன். என் தும்மலு கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி வீடு பூரா தும்மிக்கிட்டே இருந்துச்சு.

விசில்: பக்கத்து வீட்டுக்காரங்க வந்து, 'ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா'ன்னு கேட்டாங்க.

அண்ணன்: சிரி, சிரி. ஆமா, இது என்னதான் செய்யும்னு ஒரு தடவை தெளிவாச் சொல்லு. பக்கத்து சீட்டுக்காரன் கேட்டா நான் முழிக்கக் கூடாதுல்ல?

அண்ணி: உங்க தங்கச்சி மைக்குல பாடறது நேரா இந்தப் பெட்டிக்குள்ள வரும். நான் தகட்டு மேல விரலை வலப்பக்கம் இழுத்தா எதிரொலி நீளும். மேல தள்ளினா குரல் அப்படியே காத்து மாதிரி விரியும். எல்லாம் விரல்லதான் இருக்கு.

அண்ணன்: கேக் மேல கிரீம் தடவற மாதிரி.

அண்ணி: அதேதான். அப்புறம் இந்தப் பட்டன்கள்ல சத்தம் பிடிச்சு வெச்சுக்கலாம். முதல்ல பஸ் ஹாரன். ரெண்டாவதுல பஸ் கதவு 'புஸ்'ஸுனு மூடற சத்தம். மூணாவதுல இவ 'ம்...ம்'னு இழுக்கறது. அமுக்கினா அதுவே சுத்திச் சுத்தி ஓடும். அதுக்குள்ள இவ மூச்சு வாங்கிக்கலாம். டாக்டரும் தொண்டையை வருத்தாதன்னுதானே சொல்லியிருக்கார்?

அண்ணன்: நாலாவதுல?

அண்ணி: என்னங்க, வேன் சாவி எங்க?

அண்ணன்: சாவி... பையில... ஐயோ, வண்டியிலயே விட்டுட்டேனா? இருங்க, வந்துடறேன்!

விசில்: பாவம் அண்ணன். ஓட விட்டுட்டீங்க.

அண்ணி: ஓடட்டும். உடம்புக்கு நல்லது.

விசில்: அண்ணி... வர்ற வழியில பஸ் நிலையத்தைத் தாண்டினோம்ல. ஸ்பீக்கர்ல என் குரல் கேட்டுச்சே, கவனிச்சீங்களா?

அண்ணி: ம்.

விசில்: ஆபரேஷனுக்கு முன்னாடி பதிவு பண்ணி வெச்சது. 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு'ன்னு... என்ன சுத்தம், என்ன கணீர்! நான் கீழே சாமான் அறையில உக்காந்து பயணிங்க பெட்டிக்குச் சீட்டுக் கட்டிக்கிட்டு இருக்கேன். மேலே அவ பேசறா. 'அவ'ன்னுதான் அண்ணி தோணுது.

அண்ணி: அவளும் நீதான்டி.

விசில்: இல்ல. அவளுக்குத் தொண்டையில கட்டி வரல.

அண்ணி: ...மேனேஜர் சொன்னதை இன்னொரு தடவை சொல்லு.

விசில்: 'விழாவுல பாடும்மா, கேக்கறேன். குரல் திரும்பியிருந்தா மைக்கு உனக்குத்தான், பதிவை நிறுத்திடலாம்.'

அண்ணி: அப்புறம் என்ன? பாடு.

விசில்: கடைசிப் பாட்டுல அந்த உச்சி சுரம் இருக்கே...

அண்ணி: ஒத்திகையில செஞ்ச மாதிரியே செய். அந்த இடம் வந்ததும் மைக்கை விட்டுத் தலையைத் திருப்பிக்கோ. மூணாவது பட்டன் ஓடிக்கிட்டு இருக்கும். நீ ஏற வேண்டாம்.

விசில்: கண்டுபிடிச்சுடுவாங்க அண்ணி. இத்தனை வருஷமா என் குரலைக் கேட்டுத்தான் வண்டியையே எடுத்தாங்க. சும்மாவா 'விசில்'னு பேர் வெச்சாங்க?

அண்ணி: நான் பார்த்துக்கறேன்னு சொல்றேன்ல?

விசில்: எப்படி?

அண்ணி: கேக்காத. வெந்நீர் குடி. கூப்பிடறாங்க பாரு... ஏய், புடவை தடுக்கப் போகுது, தூக்கிப் பிடி!

✻

அண்ணி: கைதட்டறாங்க... கேக்குதா?

விசில்: மெதுவா! மைக்கு பக்கத்துல இருக்கு.

அண்ணி: அந்த ஹாரன் வந்ததும் பசங்க எழுந்து ஆடினதைப் பார்த்தியா? ஒரு டிரைவர் உக்காந்த இடத்துலயே ஸ்டியரிங் பிடிக்கறாரு.

விசில்: மேனேஜர் இன்னும் கையைக் கட்டிட்டுதான் இருக்கார்.

அண்ணி: அங்க பார்க்காத. வலி எதுவும் இருக்கா?

விசில்: இல்ல. தொண்டை கொஞ்சம் காயுது.

அண்ணி: ரெண்டு முழுங்கு குடி. அடுத்தது கடைசிப் பாட்டு. ஞாபகம் இருக்குல்ல... தலையைத் திருப்பிக்கணும்.

விசில்: ம்... ம். நீங்க தகட்டைப் பாருங்க அண்ணி, என்னைப் பார்க்காதீங்க.

அண்ணி: நான் கண்ணையே மூடிக்கப் போறேன். எனக்குப் பயமா இருக்கு.

விசில்: உங்களுக்கா? பாடப் போறது நான்!

அண்ணி: சரி, சரி... கதவுச் சத்தத்தை விடறேன்... ரெண்டு... மூணு...

✻

அண்ணன்: எங்க ரெண்டு பேரும்? ஏய், இங்கேயா ஒளிஞ்சிருக்கீங்க? வெளியே என்ன நடக்குதுன்னு தெரியுமா?

விசில்: என்னண்ணா?

அண்ணன்: எனக்குப் பக்கத்துல ஒரு மெக்கானிக், ஆறடி ஆளு, கைக்குட்டை இல்லாம என் தோள்லயே கண்ணைத் துடைச்சுட்டான். புதுச்சட்டை! அந்த உச்சி வந்துச்சு பாரு... எனக்கே மயிர்க்கூச்செடுத்துச்சு. முன்னாடி மாதிரி அவ்ளோ கணீர்னு இல்ல, ஓரத்துல கொஞ்சம் கரகரன்னு... ஆனா அதுதான் நல்லா இருந்துச்சு.

அண்ணி: கரகரன்னா? அது... அது பெட்டி கொஞ்சம் அப்படிக் காட்டும்.

அண்ணன்: பெட்டியோ சட்டியோ. மேனேஜர் கையை அவுத்துட்டார்டி!

விசில்: நிஜமாவா?

அண்ணன்: அவுத்துட்டு எழுந்து தட்டினார். என்கிட்ட வந்து, 'திங்கக்கிழமை மைக்குக்கு வரச் சொல்லுப்பா, அந்தப் பதிவைக் கழட்டிடறேன்'னு சொன்னார். சந்தோஷத்துல நான் அவரைக் கட்டிப் பிடிச்சுட்டேன். அவர்தான் பாவம், என்ன பண்றதுன்னு தெரியாம நின்னார்.

விசில்: அண்ணா!

அண்ணன்: அழுவாத, அழுவாத. நான் போய் வேனைப் பின்பக்கமா கொண்டு வரேன். நீங்க வயரைச் சுருட்டுங்க... என்ன மேடம், உனக்கென்ன ஆச்சு? கேக் கவுந்த மாதிரி உக்காந்திருக்க?

அண்ணி: ஒண்ணுமில்ல. போயிட்டு வாங்க.

விசில்: ...அண்ணன் போயாச்சு. இப்ப சொல்லுங்க.

அண்ணி: என்னத்த?

விசில்: அதே வயரை எத்தனை தடவை சுருட்டிச் சுருட்டி அவுப்பீங்க?

அண்ணி: ...நீ திங்கக்கிழமை போகாதடி.

விசில்: ஏன்?

அண்ணி: கோபப்படக் கூடாது.

விசில்: சொல்லுங்க.

அண்ணி: இல்ல, நீ நிச்சயம் கோபப்படுவே. என் மூஞ்சியைப் பார்க்காம அந்தப் பக்கம் திரும்பிக்கோ. ம்... எங்க கல்யாணத்துல நீ பாடினது உங்கண்ணன் ஃபோன்ல இருந்துச்சு. அதுல ஒரு இடம்... அந்த உச்சியே. நேத்து அதை எடுத்து நாலாவது பட்டன்ல போட்டேன். ஒரு தடவை போட்டுக் கேக்கக்கூட முடியல, நீ பக்கத்துலயே நின்ன. இன்னைக்கு அந்த இடம் வந்ததும் கண்ணை மூடிட்டு அமுக்கிட்டேன்.

விசில்: ஓ.

அண்ணி: என்ன 'ஓ'? திட்டேன்! கூட்டத்துக்கு முன்னாடி நீ தலை குனியக் கூடாதுன்னுதான் நினைச்சேன். அவர் அதைக் கேட்டே வேலை குடுப்பார்னு நான் கண்டேனா? திங்கக்கிழமை நீ மைக்கு முன்னாடி உக்காந்து, குரல் வேற மாதிரி வந்துச்சுன்னா... என்னாலதான்டி. நானே போய் அவர்கிட்ட உள்ளதைச் சொல்லிடறேன்.

விசில்: உக்காருங்க அண்ணி. நாலாவது பட்டன்ல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்.

அண்ணி: தெரியுமா? எப்படி?

விசில்: மத்தியானம் நீங்க ஆர்டர் கேக்கைக் குடுக்கப் போனீங்கல்ல. பெட்டியும் நானும் மட்டும்தான் இருந்தோம். அமுக்கிப் பார்த்தேன். அவ பாடினா.

அண்ணி: தெரிஞ்சுமா பேசாம இருந்த? 'பழுதா பழுதா'ன்னு வேற கேட்ட!

விசில்: உங்க முழியைப் பார்க்க ஆசையா இருந்துச்சு.

அண்ணி: அடிப்பாவி! ...கோபம் வரலையா?

விசில்: வந்துச்சு. அப்புறம் உங்களை நினைச்சு அழுகை வந்துச்சு. நானும் ஒண்ணு மறைச்சேன் அண்ணி. ஒரு மாசமா சாயங்காலத்துல டிப்போவுல நிக்கற காலி பஸ்ஸுல ஏறி, கண்ணாடியெல்லாம் மூடிட்டு, அந்த உச்சியைப் பாடிப் பார்க்கறேன்.

அண்ணி: வருதா?

விசில்: பாதி நாள் உடைஞ்சுடும். அதான் யார்கிட்டயும் சொல்லல.

அண்ணி: உடையட்டும், மெதுவா வரும். ஆனா இன்னைக்கு அவர் கேட்டது அவ குரலைத்தானேடி? என் விரலுக்குக் கீழே வளைஞ்சுச்சு, நான் இழுக்க இழுக்க நீண்டுச்சு. அவர்கிட்ட என்னன்னு சொல்றது?

விசில்: உங்க விரல் வளைச்சது என்னைத்தான் அண்ணி. அவளை நான் மத்தியானமே அழிச்சுட்டேன், நீங்க அமுக்கினப்ப அதுல ஒண்ணுமே இல்ல... நானேதான் ஏறினேன். அவ பின்னாடி நின்னிருந்தா நான் தலையைத் திருப்பியிருப்பேன்.