பல்லு உள்ள, முதுகு வெளிய

— பார்த்தியா? மறுபடியும் எல்லாம் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது.

— காலங்காத்தால இதுக்குத்தான் கூப்பிட்டீங்களா? அடுப்புல பால் வச்சுட்டு வந்திருக்கேன்.

— பால் பொங்கினா துடைச்சுக்கலாம். இங்க பாரு. நேத்து சாயங்காலம் ஒவ்வொரு ரம்பமா எண்ணெய்த் துணியால துடைச்சு, பல்லு உள்ள, முதுகு வெளியன்னு நானே அடுக்கினேன். இப்ப ஒண்ணு விடாம திரும்பி நிக்குது. உண்மையைச் சொல்லு வாயாடி. நீதானே?

— நீங்க வந்த நாளா நான் இந்த வாசப்படியைத் தாண்டினதே இல்லைன்னு உங்களுக்குத் தெரியாதா? இப்பவும் பாருங்க, கட்டைவிரல்கூட உள்ள இல்ல.

— அதுதான் எனக்கு இன்னும் புரியல. உன்னைக் கட்டிக்கிட்டு ஒரு வருஷம் ஆகப்போகுது. சொந்த வீட்டுலயே ஒரு ரூமுக்குள்ள போகாத ஆளை நான் எங்கயும் பார்த்ததில்ல.

— வீடு என்னோடதுதான். இந்தப் பட்டறை ரூம் மட்டும் அவரோடது.

— உன் முதல் வீட்டுக்காரர் போய் நாலு வருஷம் ஆச்சு. போனவருக்கு எதுக்கு ரூம்? வாடகையா கொடுக்கறார்?

— கொடுத்தா வாங்கி வச்சிருக்க மாட்டேனா.

— சரி, அங்கயே நில்லு. நான் சொல்றதை மட்டும் கேளு. அவர் காலத்துல என்ன இருந்தது? சுவர் முழுக்க ஆணி, ஆணிக்கு ஒரு ரம்பம். ஜன்னலைக்கூட விடல, அதுக்குக் குறுக்கயும் கம்பி கட்டித் தொங்கவிட்டிருந்தார். இப்ப பாரு, அத்தனையும் கதவு அகலத்துல ஒரு பெட்டிக்குள்ள அடங்கிடுச்சு. கீழ் பலகையில வரிசையா பிளவு. பிளவுக்கு ஒரு தகடு இறங்கும். மேல ஒரு உருட்டுக்கட்டை, கைப்பிடி அதுல சாஞ்சுக்கும். ரெண்டு கைப்பிடிக்கு நடுவுல விரல் நுழையற இடம். ஒண்ணை ஒண்ணு உரசாது, பல்லு மழுங்காது, எடுக்கும்போது கையைக் கிழிக்காது.

— நூலகத்துல புத்தகம் அடுக்கற கை, வேற எப்படி அடுக்கும்.

— அதேதான். புத்தகத்துக்கு முதுகு வெளிய இருக்கணும். ரம்பத்துக்கும் முதுகுன்னு ஒண்ணு இருக்கே, அதையும் வெளிய வச்சேன். என்ன, அவர் ரம்பம் எதுவும் என் கையில சரியா உக்கார மாட்டேங்குது. கைப்பிடியை யாருக்கோ அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு.

— உங்க வெட்டே ஒரு தினுசுதானே. நேரா கோடு போட்டுட்டு வாய்க்கால் மாதிரி வளைச்சு வளைச்சு அறுப்பீங்க. துணியை அப்படி வெட்டினா என்கிட்ட ஒருத்தரும் தைக்கக் கொடுக்க மாட்டாங்க.

— கேலி பண்ணு, பண்ணு. எல்லாம் யாருக்காக செய்யறேன்? சுவர் காலியாச்சு, ஜன்னல் காலியாச்சு. அந்த ஜன்னல்கிட்ட உன் தையல் மெஷினைப் போடப் போறேன். சமையல்கட்டு மூலையில இருட்டுல குனிஞ்சு உக்காந்துக்கிட்டு, ஊசியில நூல் கோக்க என்னைக் கூப்பிடற. இந்த வீட்டுலயே வெளிச்சமுள்ள ரூம் இது ஒண்ணுதான்.

— ஆசை காட்டி மோசம் பண்ணாதீங்க.

— இதுல என்ன மோசம்? மெஷினுக்கு அடியில போட ஒரு பலகை அறுக்கணும். அவ்வளவுதான் பாக்கி. ஆனா இந்த ரம்பம் திரும்பற விஷயம் தெரியாம உன்னை இங்க உக்காரவைக்க எனக்கு மனசு வரல.

— நேத்து பூட்டினீங்களா?

— பூட்டி, சாவியைத் தலகாணிக்கு அடியில வச்சுக்கிட்டுப் படுத்தேன். காலையில அங்கயேதான் இருந்தது. எலி வந்து திருப்பி வச்சிருக்குமா?

— எலியா இருந்தா கைப்பிடியைக் கடிச்சிருக்கும்.

— பின்ன யாரு?

— ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது.

— உன்கிட்ட என்னிக்காவது கோவிச்சுக்கிட்டிருக்கேனா?

— இல்ல. அதனாலதான் சொல்ல வாய் வருது. நீங்க பார்த்தது அவர் போனப்புறம் ஆளுங்க கழட்டிக் குவிச்சு வச்சதை. சுவர்ல அவர் இப்படித்தான் மாட்டுவார். பல்லு வெளிய.

— புத்தி உள்ள எவனும் அப்படி மாட்ட மாட்டான். தெரியாம கை நீட்டினா சதை போயிடும்.

— கை நீட்டக் கூடாதுன்னுதான். கல்யாணமான புதுசுல, தூசு தட்டலாம்னு ஒரு நாள் உள்ள வந்தேன். இதோ, உள்ளங்கையில இந்தக் கோடு. கைரேகை பார்க்கறவன் ஒருத்தன் இதைத்தான் ஆயுள் ரேகைன்னு சொல்லிட்டுப் போனான். நான் உள்ள வந்தது தெரிஞ்சதும் அவர் அத்தனை ரம்பத்தையும் திருப்பி மாட்டினார். "இனிமே எவளும் தொட மாட்டா"ன்னார். அப்புறம் நான் ஏன் வரேன்.

— இதை நீ சொன்னதே இல்லையே.

— அவர் காலத்துல எனக்குப் பேச்சே கிடையாதுங்க. வாயைத் திறந்தா ஒரு பார்வை. போகப் போக நானே திறக்கறதை விட்டுட்டேன். அதுக்கப்புறம் அதுக்கும் ஒரு பேர் வச்சார். நீங்க வாயாடின்னு கூப்பிடறீங்க இல்ல, அதுக்கு நேர் எதிர். என் பேர் அவருக்கு மறந்தே போச்சு. அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். வெளி ஆளுங்க இருந்தா கூப்பிட மாட்டார். அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

— என்ன பேர்?

— சொல்ல மாட்டேன். எங்கம்மாகிட்டகூட சொன்னதில்ல. அதை என் வாயாலயே இந்த வீட்டுக்குள்ள திருப்பிக் கொண்டுவர மாட்டேன்.

— சரி, வேண்டாம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க. காலம் பூரா "அமைதி காக்கவும்"னு பலகை மாட்டின இடத்துல உக்காந்திருந்தவன் நான். வீட்டுக்கு வந்தா பேச்சுச் சத்தம் கேக்கணும்னுதான் உன்னைத் தேடிப் பிடிச்சேன்.

— இன்னொண்ணும் சொல்லிடறேன். அவர் இங்கதான் விழுந்தார், இப்ப நீங்க நிக்கற இடத்துல. அரம் போட்டு ரம்பத்துக்குப் பல்லு தீட்டிக்கிட்டிருந்தார். அந்தக் கீச் கீச் சத்தம் நின்னுபோச்சு. நான் இந்தப் படியில நின்னு பார்த்தேன். டாக்டரைக் கூப்பிட்டாங்க, இதயம் நின்னு போச்சுன்னு சொல்லிட்டுப் போனார். எனக்கு அழுகை வரல. பசிச்சுது. தட்டு நிறையப் போட்டுக்கிட்டு உக்காந்து சாப்பிட்டேன். நீங்க என்ன வேணா நினைச்சுக்கோங்க.

— நினைக்க என்ன இருக்கு. பசிச்சா சாப்பிட வேண்டியதுதான்.

— இதுக்குத்தான் உங்களைக் கட்டிக்கிட்டேன்.

— அப்ப என் பேச்சைக் கேளு. உள்ள வா. நான் இருக்கேன்ல. கையைக் கொடு.

— வேண்டாங்க.

— ஒரே ஒரு அடி. ஜன்னலைத் திறந்து வச்சிருக்கேன். வெயில் எங்க விழுதுன்னு பாரு, அந்த இடத்துல மெஷினைப் போடுவோம். வா, வாயாடி.

— ...கால் கூசுது.

— கூசட்டும். அவ்வளவுதான், வந்துட்டே. என்ன ஆச்சு? வானமா இடிஞ்சு விழுந்துச்சு?

— இல்ல. எவ்வளவு வெளிச்சம். என் கையில இருக்கிற ரோமம்கூடத் தெரியுது. கறுப்புத் துணியில கறுப்பு நூல்கூட இனிமே உங்களைக் கூப்பிடாம கோப்பேன். இருங்க, கழுத்துல டேப் இருக்கு, அளந்துடறேன். இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும் மெஷின். இந்தப் பக்கம் வெட்டற மேஜை. தைச்ச துணி மாட்ட இங்க ஒரு கொடி. போதும். எனக்கு இது தாராளம்.

— அப்படிப் பேசு. இதைக் கேக்கத்தான் இத்தனை நாள் மரத்தூள் தின்னேன்.

— தின்னதோட விட்டீங்களா, தரை பூரா கொட்டி வச்சிருக்கீங்க. ஏன் பெருக்கல?

— வேணும்னேதான் தூவினேன். எவன் வந்து திருப்பறான்னு தெரிய வேண்டாமா? கால் பட்டா தடம் விழுமில்ல.

— விழுந்திருக்கு.

— எங்க?

— இதோ, கதவுலேர்ந்து பெட்டி வரைக்கும். திரும்பிக் கதவு வரைக்கும். வெறுங்கால்.

— நான் தூவும்போது மிதிச்சதா இருக்கும்.

— தூவினப்பவும் செருப்பு போட்டிருந்தீங்க, இப்பவும் போட்டிருக்கீங்க. மரத்தூளோட கூடத்துக்கு வந்தீங்கன்னு கத்தினேனே, மறந்துட்டீங்களா? இது வெறுங்கால். சுண்டுவிரல் உள்ள மடங்கியிருக்கு. உங்க கால்தாங்க.

— என் கால்தான்.

— விடியறதுக்கு முன்னால முழிப்பு வந்துச்சு. பக்கத்துல நீங்க இல்ல. தண்ணி குடிக்கப் போயிருப்பீங்கன்னு நினைச்சு நான் திரும்பிப் படுத்துட்டேன்.

— அப்ப நான்தானா? தூக்கத்துல எழுந்து வந்திருக்கேனா? அட, இவ்வளவுதானா விஷயம். பேயும் இல்ல, பிசாசும் இல்ல. கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்ச கதையா இருக்கு. நீ ஏன் சிரிக்க மாட்டேங்கிற?

— பல்லு வெளிய வைக்கணும்னு உங்களுக்கு யார் சொன்னா?

— நீதான்.

— நான் இப்பத்தானே சொன்னேன். இது நடக்க ஆரம்பிச்சு ஒரு வாரமாச்சு.

— ...ஆமா.

— உங்க தோள் வலி எப்படி இருக்கு?

— அதுக்கும் இதுக்கும் என்ன? அப்படியேதான் இருக்கு. ராத்திரியெல்லாம் மரம் அறுத்த மாதிரி குத்துது.

— இடது தோள்தானே.

— ஆமா.

— அவர் இடது கைக்காரர். கைப்பிடி எல்லாத்தையும் தன் இடது கைக்குன்னு செதுக்கி வச்சிருந்தார். அதான் உங்க கையில உக்கார மாட்டேங்குது. என்னங்க, இந்த ரம்பம் எதுவும் நமக்கு வேண்டாம். பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுடுங்க. இன்னிக்கே. எனக்கு இந்த ரூமும் வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம். நான் சமையல்கட்டுலயே தைச்சுக்கறேன். இத்தனை வருஷம் கழிச்சு எனக்கு ஒரு வாய் வந்திருக்கு. பேச ஒரு ஆள் கிடைச்சிருக்கார். அதை விட்டுட்டு நான் திரும்ப அந்தப் பழைய வாழ்க்கைக்குப் போக மாட்டேன்.

— பயப்படாதேம்மா. நீ சொன்னா சரி. இன்னிக்கே போட்டுடறேன்.

— சத்தியமா?

— சத்தியமா. இந்தப் பலகையை மட்டும் அறுத்துடறேன். குறிச்சு வச்சாச்சு, ஒரே ஒரு வெட்டு. உன் மெஷின் எங்க இருந்தாலும் அடியில பலகை வேணுமில்ல.

— சின்ன ரம்பத்தை எடுங்க.

— இவ்வளவு கனம் பலகைக்கு அது பத்தாது. பெருசுதான் வேணும். நீ பலகையோட அந்த முனையைப் பிடிச்சுக்க. ஆடாம பிடி.

— பிடிச்சிருக்கேன். சீக்கிரம் முடிங்க, பால் தீயற வாசனை வருது.

— ம்.

— தீஞ்ச பாத்திரத்தை யார் தேய்க்கறதாம்? நூலகக்காரர்தான். சொல்லிட்டேன்.

— ம்.

— என்ன, ம் ம்முங்கறீங்க. பதிலுக்கு நாலு வார்த்தை வருமே எப்பவும்.

— வேலை நடக்கும்போது பேச்சு எதுக்கு.

— பேச்சு வேணும்னுதானே என்னைக் கட்டிக்கிட்டீங்க?

— பலகையைப் பிடி.

— வெட்டு நேரா வருதுங்க. கோட்டு மேலயே போகுது. உங்களுக்கு இப்படி வராதே.

— கைப்பிடி நல்லா உக்காருது.

— எந்தக் கையில?

— ரம்பம் எந்தக் கைக்கோ அந்தக் கையில.

— என்னங்க, நிறுத்துங்க. இடது கையால அறுக்கறீங்க. நீங்க வலது கைக்காரர். கையைப் பாருங்க, முதல்ல கையைப் பாருங்க.

— யார் இந்த ரம்பத்தையெல்லாம் முதுகைக் காட்டி வச்சது?

— நீங்கதான். நீங்கதானே பெட்டி செஞ்சீங்க, புத்தகம் மாதிரி. ஆனா அதெல்லாம் இப்ப பல்லு வெளியதான் நிக்குது.

— அப்ப சரி. அதது அதது இடத்துல இருக்கணும்.

— அவர் எப்பவும் சொல்ற அந்த வார்த்தையை நான் உங்ககிட்ட சொல்லல. சத்தியமா நான் சொல்லவே இல்ல. என்னங்க, ரம்பத்தைக் கீழ வைங்க. வெளிய போயிடலாம். இங்க பாருங்க, என் முகத்தைப் பாருங்க. நான்தான், உங்க வாயாடி.

— யாரைக் கேட்டுடி உள்ள வந்தே, ஊமைக்கோட்டான்?