செயலாளர் உட்கார்ந்திருந்த சாக்கு

தலைமை தாங்கும் அனந்தபத்மநாபன் அவர்களே, மாட்டின் மனமறிந்த டாக்டர் ஜெஸ்லின் அவர்களே, விடியுமுன் கறந்து விதுரா ஊர் வரை பால் சுமக்கும் தாய்மார்களே, பந்தலோரம் நின்று, நான் பேசுமுன்பே தலையாட்டும் பசு கோமளம் அவர்களே! பால் சங்கச் செயலாளர் ராஜையன் பணிந்து வணங்குகிறேன்.

மலையெல்லாம் பச்சை, மேடெல்லாம் பச்சை. மாட்டுக்கு மட்டும் ஏன் இந்த இளைப்பு? பொன்முடி மலையில் கொட்டும் மழை, மண்ணிலுள்ள தாமிரத்தையும் துத்தநாகத்தையும் கழுவிக்கொண்டு கடலுக்குப் போகிறது. மண்ணில் இல்லாதது புல்லில் வருமா? புல்லில் இல்லாதது பசுவுக்குச் சேருமா? வயிறு நிறையும், உடம்பு தேறாது.

போன வருஷம், தொண்ணூற்றாறு ஓணத்தின்போது, இதோ முன்வரிசையில் இருக்கும் தங்கபாயின் கோமளம், மூன்று முறை ஊசி போட்டும் சினை பிடிக்கவில்லை. சுவரை நக்கியது. கொடியில் காய்ந்த சேலையைத் தின்றது. கண்ணேறு என்று தொழுவத்தில் தாயத்துக் கட்டினார்கள். அதையும் தின்றது.

"சனிக்கிழம கசாப்புக்காரன் வருவான் அண்ணே. இவளும் போயிட்டா எனக்கு ஆரு இருக்கா?" என்று, மாட்டைப் பிடித்துக்கொண்டு சங்கத்துக்கு வந்து அழுதார் தங்கபாய்.

நான் ஆறுதல் சொன்னேன். உட்கார்ந்துகொண்டே சொன்னேன். எதன்மேல் உட்கார்ந்து? சிரிக்காதீர்கள் பூமாரி, அன்று பால் ஊற்ற வந்த நீங்களும் பார்த்ததுதானே!

கோமளம் கயிற்றை இழுத்துக்கொண்டு உள்ளே வந்து என் வேட்டியின் பின்புறத்தை நக்கியது. பதறி எழுந்தேன். நான் உட்கார்ந்திருந்த சாக்கை நக்கியது. விரட்டினேன், நகரவில்லை. அந்நேரம் வந்த டாக்டர் சாக்கைத் திருப்பிப் பார்த்தார்.

"செக்ரட்டரி சாரே, மாடுகளுக்குக் குடுக்கச் சொல்லி நான் தந்த தாது உப்பல்லே இது? நாலு மாசமாட்டு இதுலயா இருக்கீங்க?"

நாற்காலி கால் ஒடிந்திருந்தது. சாக்கு வசதியாக இருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அன்று பட்டதுபோல் வெட்கம் ஆயுளில் நான் பட்டதில்லை.

டாக்டர் சொன்ன அளவில் தங்கபாய் தினமும் தவிட்டில் கலந்து வைத்தார். சனிக்கிழமை வந்த கசாப்புக்காரனை வெறுங்கையோடு அனுப்பினார். மூன்றாம் மாதம் கோமளம் சினை! இதோ, அதன் மடியை முட்டுகிறதே, அது யார் கன்று? பின்னாலிருந்து யாரோ, "செக்ரட்டரிக்க கன்னு" என்கிறார்கள். அடக்கத்தோடு மறுக்கிறேன்.

தலைவர் அவர்களே, எனக்கென்று இங்கே நாற்காலி போட்டிருக்கிறீர்கள், பொறுத்தருள வேண்டும். புதிதாக வந்த தாது உப்புச் சாக்குகள் பத்தும் பந்தலில் இருக்கின்றன. அவை காலியாகும்வரை இந்த ராஜையன் உட்காரமாட்டான், இது சபதம்!

செவிகொடுத்த உங்களுக்கு நன்றி, நாக்குக் கொடுத்த கோமளத்துக்கு வணக்கம். தாய்மார்களே, இப்போதே கால் வலிக்கிறது. கொஞ்சம் சீக்கிரம் வாங்கிக்கொண்டு போங்கள்.