பதிமூணு இன்ச்சே குடுங்க

இல்லம்மா, ஒடையவே இல்ல. கீறல்கூட இருக்காது, பாருங்க. ரெண்டு டப்பா, ரெண்டு சார்ஜர், கால்ல மிதிக்கிற பெடல் ரெண்டு, எல்லாம் அப்படியே இருக்கு. ரிப்பேரும் இல்ல, நல்லாத்தான் ஓடுது. அளவுதான் சேரல. செருப்பு வாங்கிட்டுப் போயிட்டு மாத்த வர்றதில்லையா, அந்த மாதிரின்னு வச்சுக்குங்க. இந்த பத்து இன்ச்சு டேப்லட் ரெண்டையும் நீங்க எடுத்துக்கிட்டு, எனக்கு ஒரே ஒரு பதிமூணு இன்ச்சு குடுங்க. லெட்டர் இருக்கு. எங்க டைரக்டரம்மா ஷோல்பான் கையெழுத்து, முத்திரை, எல்லாம் இருக்கு.

ஆமா, ரெண்டு குடுத்துட்டு ஒண்ணுதான் கேக்குறேன். நஷ்டமா லாபமாங்கிறத நீங்க ஆபீஸோட பேசிக்குங்க. எனக்கு வயலின் வாசிக்க மட்டுந்தான் தெரியும்.

ஆமாம்மா, தராஸ் நகர ஆர்கெஸ்ட்ராதான். ரெண்டாவது வயலின், மூணாவது வரிசை. கச்சேரிக்கு வந்திருக்கீங்களா? வந்ததே இல்லியா? பரவால்ல. வந்தவங்களுக்கும் நாங்க தெரிய மாட்டோம். முன்னால ஒரு தடியன் இருக்கான், அவன் முதுகுதான் தெரியும்.

உக்காந்துக்கவா? கைரோல்லா வண்டிய நிறுத்த எடம் பாத்துட்டு வந்துருவாரு. கைரோல்லான்னா என் ஸ்டாண்டுக்காரரு. எங்கள்ல ரெண்டு வயலினுக்கு ஒரே ஸ்டாண்டு, அதுல ஒரே பாட்டு நோட்டு. சபைப் பக்கம் உக்காந்திருக்கறவங்க வாசிச்சுட்டே இருப்பாங்க. உள்பக்கம் இருக்கறவரு, பக்கம் முடியறப்ப வாசிக்கறத நிறுத்திட்டு, டக்குன்னு திருப்பணும். நான் சபைப் பக்கம். அவரு உள்பக்கம். பத்தொம்பது வருஷமா அவருதான் திருப்புறாரு. பத்தொம்பது வருஷமா அத சொல்லியும் காட்டுறாரு.

எப்பப் பாத்தாலும் சண்டைதான். பீபிகுல், உன் முழங்கை என் விலாவுல இருக்கும்பாரு. பீபிகுல், ஸ்டாண்ட என் பக்கம் ஒரு விரக்கடை தள்ளு. பீபிகுல், இன்னைக்கு பூண்டு தின்னியா? நானும் விடமாட்டேன். உங்க காலு ஏன்யா தாளம் போடுது, அதுக்குத்தான் முன்னால ஒருத்தர் குச்சிய வச்சுக்கிட்டு நிக்கிறாரேம்பேன். கோவம் ஜாஸ்தியாச்சுன்னா என்னைய வாங்க போங்கன்னு மரியாதையாப் பேச ஆரம்பிச்சுருவாரு. அப்பத்தான் பயமா இருக்கும்.

ம், டேப் விஷயத்துக்கு வர்றேன். போன வருஷம் புதுசா ஒரு கண்டக்டர் வந்தாரு, தௌரென்னு. நம்ம பஸ் கண்டக்டர் இல்ல, குச்சி புடிக்கிறவரு. சின்ன வயசு, கெட்டிக்காரரு. கெட்டவருன்னு சொல்ல மாட்டேன். வந்த ரெண்டாவது மாசம், பல்லு ஆடிப்போயி ஊத முடியாத ஒரு ஹார்ன்காரர வீட்டுக்கு அனுப்பிட்டாரு. பூங்கொத்து குடுத்து, கட்டிப்புடிச்சுதான் அனுப்புனாரு. இருந்தாலும் அனுப்பிட்டாரு. அவருதான் சொன்னாரு, காகித நோட்டெல்லாம் இனிமே வேணாம், எல்லாரும் டேப் பாத்து வாசிப்போம்னு.

எத்தன இன்ச்சுன்னு கேட்டாங்க பாருங்க, அன்னைக்குப் புடிச்சது. மூணு வாரம்மா. ஒத்திகைக்கு நடுவுல, டீ குடிக்கறப்ப, கக்கூசு வாசல்ல, எங்க பாத்தாலும் இன்ச்சு.

புல்லாங்குழல்காரங்க எட்டு இன்ச்சு போதும், பையில வச்சுக்கலாம்னாங்க. அவங்களுக்கு எல்லாமே பையில வைக்கிற மாதிரிதான் இருக்கணும். ஆளுயர பாஸ் வயலின் வாசிக்கிறவரு நின்னுட்டே வாசிக்கிறவரு, அவருக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவுல ஒரு ஆளு படுக்கலாம். அவரு டிவியே வாங்கி மாட்டுங்கன்னாரு. செல்லோ வாசிக்கிற கிம், ஸ்கேல எடுத்துட்டு வந்து நோட்டுக் காகிதத்த அளந்து பாத்துட்டு, பதிமூணு இன்ச்சுதான் காகிதத்தோட அளவு, அதுக்குக் கொறஞ்சா சொரப் புள்ளியெல்லாம் எறும்பாயிரும்னாரு. இன்னொருத்தரு பதிமூணு கனம், ஸ்டாண்டு குப்புற விழும், முன்னால இருக்கற ஆளோட பின்மண்டையிலதான் விழும்னாரு. யாரு மண்டைன்னு அதுலயும் ஒரு வாக்குவாதம்.

கடைசியில ஷோல்பான் வந்து, பணம் இவ்வளவுதான், தந்தி வாத்தியக்காரங்களுக்கு ரெண்டுல ஒண்ணு எடுத்துக்குங்கன்னுட்டாங்க. ரெண்டு பேருக்கு ஒரு பதிமூணு. இல்லாட்டி ஆளுக்கு ஒரு பத்து.

அவ்வளவுதான், ஊரு ரெண்டாச்சு. பத்துக்காரங்களுக்குத் தலைவரு யாருங்கிறீங்க? கைரோல்லாதான். எழுந்திரிச்சு நின்னு பேசுனாரு. பத்தொம்பது வருஷம் அடுத்தவங்களுக்குப் பக்கம் திருப்பியே என் வாழ்க்கை போச்சு, ஒவ்வொரு பாட்டுலயும் நல்ல எடம் வர்றப்ப நான் காகிதத்தப் புடிச்சுட்டு நிக்கிறேன், இனிமே எனக்குன்னு ஒண்ணு வேணும், சின்னதா இருந்தாலும் அது என்னோடதா இருக்கட்டும்னாரு. உள்பக்கம் உக்காந்திருக்கற அத்தன பேரும் கைதட்டுனாங்க. ஒரு அம்மா அழுதுபுட்டாங்க.

நான் பதிமூணு. நானும் பேசுனேன். எறும்பு, கனம், வெளிச்சம், எல்லாம் சொன்னேன். இருட்டுல ஆளுக்கொரு ஸ்கிரீன் எரிஞ்சா, கீழ இருந்து வெளிச்சம் மூஞ்சில அடிச்சு, எல்லாரும் பிணம் மாதிரி தெரிவோம்னேன். இப்பவும் அப்படித்தான் இருக்கோம்னு பின்னால ஒருத்தன் கத்துனான். கை தூக்கச் சொன்னாங்க. ஒரே ஒரு ஓட்டுல பத்து ஜெயிச்சுருச்சு.

அப்புறம் இதுங்க வந்துச்சு, நீங்கதான் அனுப்புனீங்க. கால்ல பெடல மிதிச்சா பக்கம் மாறும். கைரோல்லாவுக்குத்தான் கால் சும்மா இருக்காதே. ஒரு தட்டுக்கு ஒரு பக்கம். ரெண்டே நிமிஷத்துல அவருக்கு மட்டும் மொத்தப் பாட்டும் முடிஞ்சுபோச்சு. நாங்க இன்னும் ஆரம்பத்துல இருக்கோம். நான் சிரிக்கல. சிரிச்சிருந்தா வாங்க போங்கன்னுருப்பாரு. ஒரு வாரம் ரெண்டு காலையும் நாற்காலிக்கு அடியில பின்னி வச்சுக்கிட்டு வாசிச்சாரு, ஆனா சொந்த ஸ்டாண்டு. முழங்கைக்கு எடம். ராஜா மாதிரி இருந்தாரு மனுசன்.

நவ்ரூஸ் பண்டிகைக் கச்சேரி வரைக்கும். அன்னைக்கு முதல் பாட்டுலயே, நடுவுல என் டேப் அணைஞ்சுபோச்சு. ஆமா, நீங்க சொல்றது சரிதான், தொடாம வச்சிருந்தா தூங்கிரும், அத ஒரு எடத்துல மாத்தி வைக்கணுமாம். நான் மாத்தல. கன்னங்கரேல்னு இருக்கு. நான் பாட்டுக்கு வாசிக்கிறேன். தப்பில்லாம வாசிச்சேன், அத நீங்க கேக்கல, நான் சொல்லிக்கிறேன். இடைவேளையில கைரோல்லா குனிஞ்சு என் ஸ்டாண்டப் பாத்தாரு. ஒண்ணும் பேசல. அதுதான் எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. பேசாம இருக்கற ஆளா அவரு.

ரெண்டு நாளு ஒரு வார்த்தை இல்ல. மூணாவது நாளு ஒத்திகை ஆரம்பிக்கறதுக்கு முன்னால எழுந்திரிச்சாரு. தௌரென் இருக்காரு, ஷோல்பான் இருக்காங்க, அம்பது பேரு இருக்காங்க. எனக்குக் கண்ணு சரியில்ல, பத்து இன்ச்சுல எழுத்து தெரியல, நான் அன்னைக்குப் பேசுனது தப்பு, எங்க ஸ்டாண்டுக்கு மட்டும் பெருசு ஒண்ணு குடுங்க, பழையபடி நானே திருப்பிக்கிறேன்னாரு.

விடுவாங்களா? கிம்மு தன் ஸ்கேல எடுத்துட்டு வந்து, தலைவரே, எத்தன இன்ச்சு இறங்குறீங்கன்னு அளந்தாரு. அன்னைக்கு அழுத அம்மா இருக்காங்களே, அவங்க இவரு பக்கமே திரும்பல, துரோகின்னுட்டாங்க. யாரோ ஒருத்தரு கண்ணாடி வாங்குய்யா கெழவான்னாரு. இவரு எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு, வில்லுக்கு ரோசனப் பிசின் தேச்சுட்டு உக்காந்திருந்தாரு. தௌரென் வந்து, கண்ணுக்கு டாக்டர்கிட்ட காட்டுங்க அண்ணே, ரொம்ப மோசமா இருக்கான்னு கேட்டாரு. அந்தக் கேள்விய அவரு, வீட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னால அந்த ஹார்ன்காரர்கிட்டயும் கேட்டிருக்காரு, அது எல்லாருக்கும் தெரியும். கைரோல்லா, இன்னும் அவ்வளவு மோசமில்ல, பெருசா இருந்தா தெரியும்னாரு. தௌரென், சரின்னு தலைய ஆட்டிட்டுப் போயிட்டாரு.

அதான் இந்த லெட்டர். படிச்சீங்கல்ல? பார்வைக் குறைவு காரணமாகன்னு போட்டு, அவரு பேரு போட்டிருக்கும்.

ஓ, இதுதானா பதிமூணு. குடுங்க, கையில வச்சுப் பாக்கறேன். கனமாத்தான் இருக்கு. ரொட்டி சுடுற தட்டு மாதிரி. நல்லா இருக்கு, இதுவே போதும்.

ஸ்கிரீன்ல புள்ளி கிள்ளி இருக்கான்னு நான் பாக்கணுமா? நீங்களே பாத்துச் சொல்லிருங்கம்மா. இல்லாட்டி கைரோல்லா வந்து பாக்கட்டும்.

என்ன கேட்டீங்க? யாரு, அந்த வெள்ளை வண்டியா? ஆமா, அவருதான். ரிவர்ஸ்லயா வர்றாரு? ரெண்டு லாரிக்கு நடுவுலயா? நுழைச்சிருவாரு, கவலைப்படாதீங்க.

ம். கண்ணு சரியில்லாதவரு எப்படி வண்டி ஓட்டுறாருன்னு கேக்குறீங்க.

அவரு கண்ணுக்கு என்னம்மா கேடு. கடைசி வரிசையில யாரு கொட்டாவி விடுறாங்கன்னு மேடையில இருந்தே சொல்லுவாரு. எனக்குத்தான் போயிருச்சு. மூணு வருஷம் ஆச்சு. நடுவுல ஒரு கருப்பு, எங்க திரும்புனாலும் அங்க வந்து நிக்கும். ஓரம் மட்டும் நல்லா இருக்கு. இப்ப உங்க தோடு தெரியுது, நீலம்தானே? மூஞ்சி தெரியல. டாக்டர் இதுக்கு மேல கூடவும் கூடாது, கொறையவும் கொறையாதுன்னாரு. அத ஒரு நல்ல சேதி மாதிரிதான் சொன்னாரு.

அதனால எனக்கு எட்டும் ஒண்ணுதான், பத்தும் ஒண்ணுதான், அந்த பாஸ்காரரு கேட்ட டிவியும் ஒண்ணுதான். எதுலயும் ஒரு புள்ளி தெரியாது. பழைய பாட்டெல்லாம் விரலுக்குத் தெரியும். புதுப் பாட்டு வந்தா, வீட்ல ஃபோனக் காதுல வச்சுக்கிட்டு, ஒரு வரிக்கு நாப்பது தடவ கேட்டு, பாடம் பண்ணிருவேன். காகிதம் இருந்தவரைக்கும் ஒரு கவலையும் இல்ல, திருப்புறதுக்கு ஆளு இருந்துச்சு, பென்சில்ல குறிக்கிறதுக்கும் ஆளு இருந்துச்சு. தனி டேப் வந்ததும் எல்லாம் நானே பண்ணணும். தௌரென் இந்த எடத்துல வில்ல மேல இழுங்க, குறிச்சுக்குங்கம்பாரு. எல்லாரும் விரலால குறிப்பாங்க. நானும் கண்ணாடியில விரல வச்சு ஏதோ கிறுக்குவேன். எங்க கிறுக்குனேனோ.

அன்னைக்கு இடைவேளையில கைரோல்லா என் டேப்ப எழுப்பிப் பாத்தாரு. அதுல இருந்தது வேற பாட்டு. கச்சேரியிலேயே இல்லாத பாட்டு. அத வாய்க்குள்ளயே ராகமா இழுத்துப் பாத்தாரு, அதுலதான் எனக்குத் தெரிஞ்சுது. அப்புறம் சரியான பாட்ட எடுத்து வச்சு, தூங்காம இருக்கறதுக்கு என்னமோ அமுக்கி வச்சுட்டு, தன் நாற்காலிய என் பக்கம் இழுத்துப் போட்டுக்கிட்டாரு. அவ்வளவு நாளு எடம் எடம்னு அடிச்சுக்கிட்ட மனுசன். ரெண்டாம் பாதி முழுக்க, பக்கம் மாறுறதுக்கு முன்னால, அடுத்த பக்கத்தோட முதல் சொரத்த மூக்குக்குள்ளயே முனகுறாரு. எனக்கு மட்டும் கேக்குற மாதிரி. ஒத்திகையில மேல, கீழன்னு வில்லுக்கும் சொல்றாரு. கேட்டா, தொண்டையில கரகரப்புன்னுவாரோ என்னமோ. நான் கேக்கல.

ஆமாம்மா, நாங்க இதப் பத்திப் பேசுனதே இல்ல. அவரு கேக்கல, நான் சொல்லல. உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்றேன், நீங்க கச்சேரிக்கு வராதவங்கங்கிறதால. வண்டியில வர்றப்பகூட, உங்க கண்ணு எப்படி இருக்குன்னு கேட்டேன். அப்படியேதான் இருக்கு பீபிகுல், பெருசு வந்தா சரியாயிரும்னாரு. கேரட் தின்னுங்கன்னேன். சரின்னாரு.

கையெழுத்து எங்க போடணும்? என் விரலப் புடிச்சு அங்க வச்சிருங்க. ஆங், இங்கயா. ஆச்சு.

கதவு சத்தம் கேக்குது, அவருதான். உள்ள வந்ததும், நான் சொன்னத காட்டிக்காம, அவரு கண்ணு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டு வைங்கம்மா.