ரயில்வே கேட்டில் அணைக்காத வண்டி

டீ ஆறிப்போயிற்றே என்று வருத்தப்படாதீர்கள், ஐயா. மெக்கானிக்குக்கு ஆறின டீதான் பழக்கம். கையில் எப்போதும் ஏதாவது வேலை இருக்கும், கிளாஸ் ஒரு ஓரத்தில் ஆடை கட்டிக் கிடக்கும். கல்மண்டபத்தில் என் ஷெட்டுக்கு வந்து பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

என் தங்கை பிலோமி காருக்குள் செத்துப்போனதை ஊரே எண்ணூர் ஆலைப் புகை கலந்த காற்றின் மேல் போட்டுவிட்டது. நானாக வந்து வண்டியில் கோளாறு வைத்தது நான்தான் என்று சொன்னதும், அவள் புருஷன் வால்டரைத் தீர்க்கப் பார்த்துக் குறி தப்பிவிட்டது என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். உங்கள் ஏட்டு என் தோளைத் தட்டிக்கூடக் கொடுத்தார். நல்ல மனிதர்கள் நீங்கள். ஆனால் தப்பாக எழுதிக்கொண்டால் மறுபடி கூப்பிடுவீர்கள், மறுபடி கேட்பீர்கள். எனக்கு அலுப்பாக இருக்கிறது. ஒரே தடவையாகச் சொல்லிவிடுகிறேன்.

வால்டருக்குத் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் கான்ட்ராக்ட். ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன காரை எப்படியோ பிடித்துவிட்டான். பெட்ரோல் வண்டி, ஆனால் டர்போ வைத்தது. என்ஜினிலிருந்து வெளியே போகிற புகையைக் கொண்டே ஒரு விசிறியைச் சுழற்றி, அந்த விசிறியால் என்ஜினுக்குள் காற்றை அமுக்குகிற சாமான் அது. ராயபுரத்தில் அதற்கு முன் நாங்கள் யாரும் அப்படிப்பட்ட காரைப் பார்த்ததில்லை. கொஞ்ச நாளில் அது புகைய ஆரம்பித்தது. மாதா கோயில் வாசலில் கிளப்பினால் பூசைக்கு வந்தவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"மச்சான், இது இன்னாத்துக்கு இப்டிப் பொகையுது? ஊரே சிரிக்குது," என்று என்னிடம் கொண்டுவந்தான்.

வேறு இடங்களில் பிஸ்டன் ரிங் போய்விட்டது, என்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் அவசரப்படவில்லை. கறுப்பாக அடித்தால் பெட்ரோல் அதிகம், வெள்ளையாக அடித்துக்கொண்டே இருந்தால் தண்ணீர், நீலமென்றால் ஆயில். இது நீலம். ஒரு வெள்ளைத் துணியைக் குழாய் வாயில் பிடித்தேன், ஆயில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. ஆனால் ரிங் போன வண்டி ஓடுகிற ஓட்டமெல்லாம் புகையும். இது சும்மா நின்று ஓடிவிட்டுப் பிறகு மிதித்தால்தான் குபுகுபுவென்று அடித்தது. டர்போவின் சீல் போயிருந்தது. அதன் வழியாக ஆயில் கசிந்து எரிந்துகொண்டிருந்தது. கப்பல் பட்டறையில் தெரிந்தவர்களைப் பிடித்து ஒரு சீல் கடைந்து வாங்கிப் போட்டேன். புகை சுத்தமாக நின்றுவிட்டது. சொல்லக் கூடாது, நான் செய்த நல்ல வேலைகளில் அது ஒன்று.

குழாயைக் கழற்றும்போதுதான் இன்னொன்றைப் பார்த்தேன். பின் சீட்டுக்குக் கீழே, தண்ணீர் வடிவதற்காக விட்ட ஓட்டையின் ரப்பர் மூடி உப்புக் காற்றில் இற்று விழுந்திருந்தது. அதற்கு நேர் கீழே சைலன்சர் குழாயில் ஒரு விரிசல். ஷெட்டில் என்ஜினை ஓடவிடும்போது நாங்கள் கதவை ஏன் திறந்து வைக்கிறோம் தெரியுமா, ஐயா? கண்ணுக்குத் தெரிகிற புகைக்காக இல்லை. தெரியாத ஒன்று அதோடு வரும். அதற்கு நிறமும் கிடையாது, நாற்றமும் கிடையாது. முதலில் தலை வலிக்கும், பிறகு தூக்கம் வரும். நீலப் புகை இருந்தவரைக்கும் கண் எரிந்து யாராவது கண்ணாடியை இறக்கிவிடுவார்கள். நான் புகையை நிறுத்தினேன். விரிசலை அப்படியே விட்டேன்.

ஏன் விட்டேன் என்றால் பிலோமியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா அம்மா போன பிறகு அவளை நான்தான் வளர்த்தேன். கல்யாணமும் நான்தான் செய்து வைத்தேன். அதன் பிறகும் வாரம் தவறாமல் சண்டை போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். வால்டர் எப்போதாவது கை நீட்டுவான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலும் வேறு சண்டைதான். சேர்க்கை சரியில்லை, வீட்டில் தங்குவதில்லை, காரில் முன் சீட்டு அவன் தோஸ்து ஜஹாங்கீருக்கு, பெண்டாட்டிக்குப் பின் சீட்டு. சாயங்காலம் நான் கை கழுவக்கூட விடமாட்டாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பாள். முழுக்கக் கேட்டுவிட்டு நான் அவளைக் கூட்டிப்போய் விட்டு வரவேண்டும். வால்டர் நாற்காலி போடுவான், நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவான். அடுத்த வாரம் மறுபடி வருவாள். அண்ணன் என்றால் லியோனார்ட் மாதிரி இருக்க வேண்டும் என்று தெருவே பேசியது. பேசுகிறவர்கள் யாரும் ஒரு சாயங்காலம்கூட உட்கார்ந்து கேட்டதில்லை.

முன் சீட்டு விஷயத்தை மட்டும் வால்டரிடம் சொல்லச் சொன்னாள். நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் அத்திப்பட்டில் இருக்கும் வால்டரின் அம்மாவைப் பார்க்கப் போவார்கள். முன்னால் இருவரும் பீடி பிடித்துக்கொண்டு கண்ணாடியை இறக்கிவிட்டுப் போவார்கள். பிலோமி பின்னால். புகை நின்ற அடுத்த வாரமே வந்துவிட்டாள்.

"அண்ணா, எண்ணூர் தாண்டறதுக்குள்ள மண்ட வெடிக்குது. வாந்தி வர்ற மாரி கீது."

அந்தப் பக்கம் குடியிருக்கிற எல்லோருக்கும் எல்லா நோவுக்கும் காரணம் ஒன்றுதான். தலைவலி என்றால் எண்ணூர் காற்று, இருமல் என்றால் எண்ணூர் காற்று. அவளும் அதைத்தான் நினைத்திருந்தாள். நான் மாற்றிச் சொல்லவில்லை.

"அந்தக் காத்து உனக்கு ஆவாது. பின்னாடி கண்ணாடிய நல்லா ஏத்தி உட்டுக்கோ. சீட்ல படுத்துக்கோ," என்றேன்.

என் பேச்சை அவள் எப்போதும் தட்டமாட்டாள்.

டர்போ வண்டிக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓடின சூட்டோடு சட்டென்று அணைத்தால் உள்ளே ஆயில் கருகி, சீல் மறுபடி போய்விடும். நிறுத்தினாலும் கொஞ்ச நேரம் ஓடவிட்டுத்தான் அணைக்க வேண்டும். அதை வால்டரிடம் சொன்னேன். எந்த மெக்கானிக்கும் சொல்வான். கூடவே, ரயில்வே கேட் மாதிரி இடத்தில் அணைக்கவே அணைக்காதே என்றும் சொன்னேன். அதை எந்த மெக்கானிக்கும் சொல்லமாட்டான். எண்ணூர் கேட்டில் நிலக்கரி கூட்ஸ் போய் முடிவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம் என்பது உங்களுக்கும் தெரியும். கரித்தூள் உள்ளே விழாமல் முன் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, அவர்கள் இருவரும் அங்கே இறங்கி டீ குடிப்பது வழக்கம். அவள் இறங்கமாட்டாள்.

இடையில் ஒரு நாள் ஆயில் பார்க்கிற சாக்கில் வண்டியை வரச்சொல்லிக் கீழே படுத்துப் பார்த்தேன். விரிசல் போதவில்லை. கொஞ்சம் தட்டிவிட்டேன். நீங்கள் முக்கியமாக எழுதிக்கொள்ள வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன்.

போன மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை கேட் வெகுநேரம் மூடியிருந்ததாம். திரும்பி வந்து பார்த்தவர்கள் தூங்குகிறாள் என்று நினைத்து, எழுப்ப வேண்டாம் என்று மெதுவாகவே ஓட்டியிருக்கிறார்கள். அத்திப்பட்டு வாசலில் வால்டரின் அம்மாதான் முதலில் தொட்டுப் பார்த்தது. முகம் நல்ல சிவப்பாக, திருவிழாவுக்குப் புறப்பட்ட மாதிரி இருந்தது. சவப்பெட்டியை மூடும்போது நான் பார்த்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் ரொம்பக் களைத்துப்போயிருந்தாள், ஐயா. அவளுக்கு ஓய்வு வேண்டியிருந்தது. அண்ணன் என்று நான் ஒருவன்தானே இருந்தேன்.

ஆகவே குறி தப்பவில்லை. வால்டர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை.

பிறகு ஏன் இங்கே வந்தேன் என்கிறீர்கள். வால்டர் வர ஆரம்பித்துவிட்டான். தினம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்து, அவள் சாய்ந்து உட்காரும் அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுகிறான். நான் கை கழுவக்கூட முடிவதில்லை. நேற்றும் வந்தான்.

"மச்சான், அன்னிக்கி கேட்டாண்ட நிக்கச்சொல்ல பிலோமி இன்னா சொல்ச்சு தெரியுமா? எங்கண்ணன் மூஞ்சே வாடிப்போச்சு, அதுக்கு ரொம்ப அலுப்பு, இனிமே நம்ம சண்டைய அங்க எடுத்துகினு போ மாட்டேன்னுச்சு. சரி, அடுத்த வாரத்துலேந்து நீ முன்னாடி குந்துன்னேன். சிரிச்சுகினே படுத்துச்சு மச்சான்."

அவன் போன பிறகு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை. விடிந்ததும் இங்கே வந்துவிட்டேன்.

அவள் அதை என்னிடம் ஒரு வாரம் முன்னால் சொல்லியிருக்கலாம், ஐயா. அவள் மேல் எனக்கு இருக்கிற வருத்தம் அது ஒன்றுதான்.